முத்தப்பூச்சி வழக்கு

மார்ச் 3, செவ்வாய்

நாளை வழக்கு என்று வந்தால் ஆதாரம் வேண்டும். அதற்காகவே இதை எழுதத் தொடங்குகிறேன்.

எழுதுபவர்: கோ. எத்திராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ராயபுரம். எதிராளி: பக்கத்துப் போர்ஷன் டில்லிபாபு, ஆட்டோ ஓட்டுபவன், இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவன். வளர்த்தவன் என்று எழுத வேண்டும். இன்று காலை மாநகராட்சி ஆட்கள் வந்து புறாக்களை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். என் மனு வேலை செய்தது. இந்த ஊரில் என் மனு வேலை செய்வது இதுவே முதல் முறை என்பதால் நானே இரண்டு தடவை மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

புறாக்கள் கூடைகளில் அடைபட்டுக் காசிமேட்டில் அவன் மச்சான் வீட்டுக்குப் போயின. டில்லிபாபு கடைசிக் கூடையை ஆட்டோவில் வைத்துவிட்டுச் சொன்னான்: "ஜெயிச்சிட்ட நைனா. மாடி ஃபுல்லா உன்னுது. நீயே மேல போய் குந்திகினு குர்ர் குர்ர்னு கத்து."

சட்டம் பேசிய பிறகு மனிதன் பேசக் கூடாது.

என் மனைவி ஜெகதாம்பாள் மத்தியானம் என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் கம்பை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய் அந்தப் புறாக்களிடம் அரை மணி நேரம் பேசுவாள். என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது எங்கள் கல்யாண ஆல்பத்தை நான் தொலைத்த அன்றுதான். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்து, "முருகா, சோறு ஆறிப் போவுதுன்னு சொல்லு" என்றாள்.

முருகன் ஒன்றும் சொல்லவில்லை. நானே சாப்பிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டில்லிபாபு புறாக்களைக் கொண்டுபோனான், கூண்டை விட்டுவிட்டுப் போனான். மாடியில் வெறும் பெட்டியாக நிற்கிறது. கைவிடப்பட்ட பொருள் யாருக்குச் சொந்தம் என்பது எனக்குத் தெரியும். அதன் மேல் பலகை நல்ல தேக்கு. நடுவில் நீளமாக ஒரு விரிசல், அடியில் ரீப்பர் சட்டம் அடித்த இடத்தில் விரல் நுழையாத இடுக்கு. இருந்தால் என்ன, தேக்கு தேக்குதான்.

கழற்றி, துணியால் துடைத்து, ஜெகதாவின் கட்டிலுக்கு நேர் மேலே, படுத்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் சுவரில் அடித்துவிட்டேன். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தினமும் காலையில் வீட்டைப் புரட்டுகிறாள், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் பார்த்தால் பலகையில் முருகன் குடியேறிவிட்டார். பக்கத்தில் கண்ணாடி, தைல பாட்டில். "முருகா, பரவாயில்லை, உனக்கு ஒரு எடம் பண்ணிக் குடுத்துட்டாங்க" என்றாள். யார் பண்ணிக் கொடுத்தது என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஜெகதாவின் மணிக்கட்டில் தடிப்பு. கொசு. கால்வாய் பற்றி ஒரு மனு எழுத வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஜெகதா காலையில் எழுந்தபோது மேல் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. இடது கண் பாதி மூடியிருந்தது. வலி இல்லையாம், அரிப்புதானாம். அதையும் முருகனிடம்தான் சொன்னாள்.

பால் வாங்கப் போனவளைத் தெருவே பார்த்துவிட்டது. டில்லிபாபு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைக் கீழே போட்டான்.

"இன்னாம்மா, உதடு பணியாரம் கணக்கா கீது? நைனா வேலையா?"

"அந்த ஆளுக்கு மனு எழுதவே நேரம் பத்தல" என்றாள் ஜெகதா.

தெருவே சிரித்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் 16, திங்கள்

மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பெண் வந்தாள். தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள். பூந்தொட்டியின் அடித்தட்டைப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்தாள்.

"கடித்தது கொசுவாகத் தெரியவில்லை. உதட்டைப் பாருங்கள்" என்றேன்.

"எங்களுக்கு தண்ணியப் பாக்கத்தான் சொல்லியிருக்காங்க சார்."

"உதட்டைப் பார்க்க யாரைக் கூப்பிடுவது?"

அவள் யோசித்துவிட்டு, "உதட்டுக்கு டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்று போய்விட்டாள். நேர்மையான பதில். மேலதிகாரியாக வர வாய்ப்பில்லை.

நானே ஆராய்ந்தேன். மூட்டைப்பூச்சி என்று முடிவு செய்து கட்டிலை வெயிலில் போட்டு, மூலைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒன்றும் வெளியே வரவில்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் மஸ்கட்டிலிருந்து போனில், "ஏசி போட்டுக்கோங்கப்பா, எல்லாம் சரியாய்டும்" என்றான். அவனுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஏசிதான்.

மார்ச் 21, சனி

ஜெகதா பிழைத்துவிட்டாள்.

விடிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வட்ட வட்டமாகத் தடித்திருந்தது. முகம் யார் முகமோ போல இருந்தது. மூச்சு இழுத்தது, விசில் மாதிரிச் சத்தம். முருகனிடம்கூட எதுவும் சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டில்லிபாபுவின் கதவைத் தட்டியது நான்தான். அவசரத்தில் தட்டியது, இதைச் சமாதானம் என்று பதிவு செய்யக் கூடாது. அவன் லுங்கியோடு வந்து ஆட்டோவைக் கிளப்பினான். சிக்னலில் நிற்கவில்லை, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனான். சட்டமீறல்கள் அத்தனையும் என் கண் முன்னால் நடந்தன. நான் "இன்னும் வேகமாப் போடா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் அவள் முகம் அவளுக்குத் திரும்பி வந்தது.

டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண். என் பேத்தி வயது இருக்கும். அவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, ஏதோ ஒண்ணு அம்மாவைக் கடிக்குது. ஒவ்வொரு தடவையும் உடம்பு அதிகமா எதிர்க்குது. இன்னொரு கடி பட்டா, ஊசி போட நேரம் கிடைக்காமப் போகலாம். அது என்னன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அம்மா அந்த ரூம்ல படுக்க வேண்டாம்."

மார்ச் 22, ஞாயிறு

ஜெகதா வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, டில்லிபாபு வீட்டுக்கு. அவன் மனைவி கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரே சுவர், அந்தப் பக்கம். நான் எதிர்ப்பு தெரிவித்தேன். ஜெகதா, "டில்லி, எனக்கு உசுரு வேணும்னு சொல்லு" என்றாள். முருகன் இங்கே இருப்பதால் இப்போது டில்லிபாபுவிடம்தான் சொல்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் முன்னறைச் சுவரில், டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. பேரீச்சங்கொட்டை நீளம். கறுப்பு உடம்பு, வயிற்றின் ஓரம் முழுக்க ஆரஞ்சு நிறக் கரை போட்ட புடவை மாதிரி. தலை மட்டும் கூம்பாக நீண்டிருந்தது. செருப்பால் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆதாரம் என்ற நினைப்பு வந்தது. செருப்பில் ஒட்டியிருந்தது ரத்தம் மட்டும்.

நடைபாதைக் கடையில் பழைய புத்தகம் வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. பூச்சிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நான் பள்ளியில் ஆங்கிலம் படிக்கவில்லை, கப்பல்களில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்துக் கற்றேன். பகல் முழுக்க அகராதியோடு உட்கார்ந்தேன். படம் இருந்தது. அதே கரை, அதே கூம்புத் தலை. தூங்குபவரின் உதட்டோரத்தில் கடிப்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் முத்தப்பூச்சி.

அதன் சரித்திரம் வருமாறு. முட்டையிலிருந்து வந்ததும் ரத்தம்தான். ஐந்து தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு தோலுக்கும் வயிறு நிறைய ரத்தம் வேண்டும். எலி, கோழி, புறா, எது அருகில் படுத்திருக்கிறதோ அதைக் குடிக்கும். கடிப்பது தெரியாது, எச்சிலில் மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கிறது. பகலில் முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். சாப்பாடு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எங்கள் வார்டு உறுப்பினரும் ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் இப்படித்தான் இடுக்கில் இருக்கிறார். ஆனால் அவர் பட்டினி கிடப்பதாகத் தெரியவில்லை.

குடிக்கும் உயிர் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டால், பூச்சி பசியோடு புது இடம் தேடி நடக்குமாம், பறக்குமாம். இது பொதுவான தகவல்.

முக்கியமான செய்தி கடைசியில் இருந்தது. இந்தப் பூச்சி சாகாஸ் என்ற நோயைப் பரப்பும். கடித்த இடத்திலேயே மலம் கழிக்கும், மனிதன் சொறிந்துகொள்ளும்போது மலத்தில் இருக்கும் கிருமி உள்ளே போகும். பல வருடம் சத்தமில்லாமல் இருந்து இதயத்தை வீங்க வைக்கும். அதற்குப் பிறகு எட்டுப் பக்கங்கள் இல்லை. நடைபாதைக்காரன் கிழித்துச் சுண்டல் மடித்திருப்பான்.

சுவருக்கு அந்தப் பக்கம் போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

டில்லிபாபு: "கட்ச்ச எடத்துலயே ஆய் போவுமா? இன்னா நைனா, கான்ட்ராக்டர் ரோடு போட்ட மாறி சொல்ற."

"நோயின் பெயர் சாகாஸ்."

"பேர்லயே சாவு கீதே!"

ஜெகதா காபியை ஆற்றிக்கொண்டே, "டில்லி, சாகான்னா சாகாதுன்னு அர்த்தம். படிச்ச ஆளுக்குத் தமிழ் மறந்து போச்சுன்னு சொல்லு" என்றாள்.

அவள் சிரித்தாள். நான் இதயம் பற்றிய வரியை மறுபடியும் படித்தேன்.

மார்ச் 25, புதன்

டாக்டர் நஸ்ரினிடம் போனேன். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது உள்ளே நின்று, "என் மனைவியை முத்தமிட்டவனைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று தொடங்கியது தவறு. நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். "ஐயா, சாகாஸ் கிருமி தென் அமெரிக்காப் பக்கம் உள்ளது. இங்கே அந்தப் பூச்சி இருந்தாலும் அந்த நோய் பரவுறதில்லை. உங்க புத்தகத்துல அந்தப் பக்கம் இல்லையோ?"

"எட்டுப் பக்கம் இல்லை."

"அதுலதான் இருந்திருக்கும். அம்மா இதயம் நல்லா இருக்கு, நானே பார்த்தேன். ஆபத்து கிருமியில இல்ல, பூச்சியோட எச்சில்ல. அது அம்மா உடம்புக்கு ஒத்துக்கல. ஒரு பூச்சியை முழுசாப் பிடிச்சு பாட்டில்ல கொண்டாங்க."

இதயம் நன்றாக இருக்கிறது என்றதும் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்தேன். வெயில்.

மற்றபடி டாக்டர் தவறு. துறைமுகத்தில் தென் அமெரிக்க மரங்களை நானே இறக்கியிருக்கிறேன். பிறகு நிரூபிப்பேன்.

மார்ச் 27, வெள்ளி

ஊறுகாய் பாட்டிலில் ஒரு பூச்சி கொண்டுபோனேன். டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மூக்கு குட்டையா வளைஞ்சிருக்கு பாருங்க. இது மத்த பூச்சியைத் தின்கிற ஜாதி. ரத்தம் குடிக்கிறதுக்கு மூக்கு நேரா, தாடைக்கு அடியில மடிஞ்சிருக்கும். இவர் உங்க நண்பர், விட்டுடுங்க" என்றார்.

எனக்கு நண்பர்கள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

நானே இரையாவது என்று முடிவு செய்து நேற்று ஜெகதாவின் கட்டிலில் படுத்தேன். காலையில் கீழ் உதட்டில் மிளகு அளவு தடிப்பு. எனக்கு வீங்கவில்லை. என் உடம்பு எதற்கும் அசையாது என்பது நிரூபணம்.

பிடிக்க முடியவில்லை, தூங்கிவிட்டேன். மெத்தையைப் பிரித்தேன். கட்டில் காலைக் கழற்றினேன். தரைக் கல்லைப் பெயர்த்தேன். ஒன்றும் இல்லை. படுத்தபடி மேலே பார்த்து யோசித்தேன், பலகைக்கு மேலே முருகன் படத்தின் விளிம்புதான் தெரிந்தது.

டில்லிபாபு என் உதட்டைப் பார்த்தான். "உனுக்கும் முத்தமா நைனா? அதுக்கும் வேற ஆளு கெடைக்கல பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெகதா எட்டு நாளாக நன்றாக இருக்கிறாள். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. அவன் வீட்டுக்குப் பூச்சி ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஜெகதா கண்ணாடி எடுக்க வந்தாள். வேண்டாம், உள்ளே போகாதே என்றேன். "டில்லி, பட்டப்பகல்ல ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு" என்று வாசலில் நின்ற அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"இது என்ன கறை?"

பலகைக்குக் கீழே சுவரில் கோடு கோடாக வழிந்திருந்தது. கறுப்பும் வெள்ளையும். நான் அந்தச் சுவரைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒட்டடை என்று நினைத்தேன். அவள் வெள்ளையடித்த சுவர், அவளுக்குத் தெரிகிறது.

டில்லிபாபு கண்ணாடியை எடுத்துக் கொடுத்து அவளை வெளியே அனுப்பிவிட்டு முருகனை எடுத்து என் கையில் கொடுத்தான். கைக்குக் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு பலகையைப் பெயர்த்தான். ரீப்பருக்குப் பின்னால், விரிசலுக்குள், ஒரு குடும்பமே இருந்தது. பெரியவை, நடுத்தரம், எறும்பு அளவு குஞ்சுகள், உரித்த தோல்கள், முத்து மாதிரி முட்டைகள். ஆரஞ்சுக் கரை போட்டவை மெதுவாக நகர்ந்தன. அவற்றுக்கு அவசரமே இல்லை.

"இது என் கூண்டுப் பலகை ஆச்சே" என்றான் டில்லிபாபு.

நான் சொன்னேன்: "ஒப்புக்கொண்டாய் அல்லவா? பலகை உன்னுடையது. ஆகவே பூச்சியும் உன்னுடையது."

"யோவ் பெர்சு! ராத்திரில புறா சடசடன்னு ரெக்கய அட்ச்சிக்கும், பூனைன்னு நென்ச்சேன். எனுக்கு சத்தியமா தெரியாது. ஆனா இதுங்க மேல கெடந்து புறாவக் குட்ச்சிகினு இருந்துச்சு. புறாவத் தொர்த்துனது யாரு? பட்டினி கெடந்தத இட்டாந்து அம்மா தலைக்கு மேல ஆணி அட்ச்சி மாட்னது யாரு?"

கேள்விகள் ஒழுங்கற்ற முறையில் கேட்கப்பட்டதால் நிராகரிக்கப்பட்டன.

வாசலில் ஜெகதா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த முருகனைப் பார்த்தாள். இருவரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 1, புதன்

பாட்டிலில் மூன்று பூச்சிகள். டாக்டர் மூக்கைப் பார்த்தார், நேராக இருந்தது. துறைமுக ஊர்களில் எலிகளோடு கப்பலேறி வந்து குடியிருக்கும் ஜாதிதானாம். பூச்சி விஷயத்தில் நான் சரி. நோய் விஷயத்தில் அவர் சரி என்று அவர் சொல்கிறார்.

"எங்கே இருந்துச்சு ஐயா?"

"ஒரு பலகையில்."

"அங்கே எப்படி வந்துச்சு?"

"விசாரணை நடந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

பலகையை மாடியில் கொளுத்தினேன். கரையான் அரித்திருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. மிச்சக் கூண்டின் மேல் கொதிநீரை ஊற்றினோம், நானும் அவனும். சுவர் இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்து வெள்ளையடித்தாயிற்று. கொசுவலை வாங்கி மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகினேன். டாக்டர் மாத்திரை கொடுத்து, சந்தேகம் வந்தால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார். எல்லாம் தயார்.

ஜெகதா வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வதங்குகிற வாசனை வருகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

மாநகராட்சிக்குப் புதிய மனு எழுதினேன். நகல் கீழே:

"புறாக்களை அகற்றுமுன் கூண்டில் குடியிருக்கும் ரத்தம் குடிக்கும் பூச்சிகளைப் பற்றி எந்த ஆய்வும் செய்யாமல், புறாக்களை மட்டும் அவசரமாக வெளியேற்றிய மாநகராட்சியின் அலட்சியத்தால் ஒரு பெண்மணியின் உயிர் போக இருந்தது. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. கூண்டைப் புதிய பெட்டிகளோடு, வீட்டுச் சுவரை ஒட்டாமல், மாதம் ஒரு முறை கொதிநீர் ஊற்றிக் கழுவும் நிபந்தனையோடு மீண்டும் அனுமதிக்க வேண்டும்."

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் போய், நடுக் கூடத்தில் நின்று வாசித்தேன். டில்லிபாபு வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். "நைனா, நீ குட்த்த மனுப்படி செஞ்சதுக்கா அவங்க மேல மனு?"

"மனு கொடுத்தவர் யார் என்பது இங்கே பொருத்தமற்றது" என்றேன்.

ஜெகதா முறத்தைக் கீழே வைத்தாள். டில்லிபாபு பக்கம் திரும்பவில்லை. முருகன் அங்கே இல்லை.

"அதையும் எழுதுங்க" என்றாள். என்னிடம்.

"எதை?"

"மொதல்ல மனு குடுத்தது யாரு, பலகைய அடிச்சது யாருன்னு. எழுதினா வரேன். இல்லன்னா இங்கயே நல்லா இருக்கு."

நான் பேனாவை எடுத்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்த கொஞ்சம் இடத்தில் எழுதினேன்: முந்தைய மனுவைக் கொடுத்தவரும் பலகையை அடித்தவரும் நானே. சிறிய எழுத்தில்தான். கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கண்ணாடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டாள்.